விலை குறைந்த போல்ட் ஆக்‌ஷன் வேட்டைத் துப்பாக்கி: பார்த்து வாங்க ஒரு முழு வழிகாட்டி

முதல் துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "விலை குறைந்த ரைஃபிள் குறி தப்பாமல் சுடுமா?" சுடும். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு இவ்வளவு உறுதியாகப் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்று குழலும் ரிசீவரும் (கையால் இழுத்துத் தள்ளும் பூட்டான போல்ட் ஓடும் உடல் பகுதி) கணினி இயக்கும் எந்திரங்களில் கடையப்படுகின்றன. அதனால் மலிவான துப்பாக்கியின் குழல்கூட பழைய காலத்து விலையுயர்ந்த குழலுக்குச் சளைக்காமல் சுடுகிறது.

அப்படியானால் விலை எங்கே குறைகிறது? ஸ்டாக் (தோளில் பதியும் கட்டை), மேகசின் (தோட்டாப் பெட்டி), ட்ரிகர் (விசை), மேல்பூச்சு, போல்ட் ஓடும் வழவழப்பு ஆகிய இடங்களில்தான். இவற்றில் எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்று தெரிந்துகொண்டால் தேர்வு பாதி முடிந்துவிடும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தவறான துப்பாக்கியின் விலையை வாங்கியவர் மட்டும் கொடுப்பதில்லை. காயத்தோடு ஓடிப் புதருக்குள் விழுந்து கிடக்கும் விலங்கும் கொடுக்கிறது. கீழே உள்ள எல்லாமே அதை மனதில் வைத்து எழுதியதுதான்.

முதலில் சட்டம், பிறகு கடை

நீங்கள் இருக்கும் நாட்டில் வேட்டைக்கு அனுமதி உண்டா, எந்த விலங்குக்கு, எந்தப் பருவத்தில், எந்த உரிமத்தோடு என்பதை எழுத்தில் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியைப் பற்றி யோசிக்க வேண்டும். சில நாடுகளில் வேட்டையே தடை. அனுமதி உள்ள நாடுகளிலும் தோட்டாவுக்கு வரம்பு இருக்கும். ஜெர்மனியில் ரோ எனும் சிறிய மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் வேண்டும். அதைவிடப் பெரிய குளம்பு விலங்குகளுக்கு 6.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குண்டும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. டென்மார்க்கும் 2024 ஏப்ரலில் ரைஃபிள்களுக்கு அதே தடையைக் கொண்டுவந்தது. ஈயம் இல்லாத செப்புக் குண்டு ஒரே எடையில் நீளமாக இருக்கும். அதைச் சுழற்றி நிலைப்படுத்தக் குழலின் புரி (உள்சுவரில் சுருளாக ஓடும் பள்ளம்) சற்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஆக, சட்டம் நேராக உங்கள் குழல் தேர்வுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

தோட்டாவை முடிவு செய்யுங்கள், துப்பாக்கி தானாக வரும்

பலர் முதலில் துப்பாக்கியின் பெயரைப் பிடித்துக்கொண்டு, கடையில் அது எந்தக் காலிபரில் (தோட்டா அளவில்) இருக்கிறதோ அதை வாங்கி வருகிறார்கள். வரிசையை மாற்றிப் போடுங்கள். எந்த விலங்கு, எவ்வளவு தூரம், உங்கள் தோள் எவ்வளவு உதை தாங்கும், அந்தத் தோட்டா உங்கள் பக்கத்தில் எப்போதும் கிடைக்குமா என்ற நான்குக்கும் பதில் எழுதிவிட்டால் பட்டியல் தானே சுருங்கிவிடும்.

மான் அளவு விலங்குகளுக்கு .308 வின்செஸ்டர் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய பதில். 1952இல் வந்த தோட்டா இது. உலகம் முழுக்கக் கிடைக்கிறது, விலை குறைந்த தோட்டாவிலிருந்து உயர்ந்த ரகம் வரை எல்லாம் உண்டு. இதே பித்தளைக் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பிறந்தவை .243 வின்செஸ்டரும் 7எம்எம்-08 ரெமிங்டனும். .243இன் உதை மிகவும் மென்மையானது. சிறிய மான்களுக்கும், புதிதாகக் கற்பவர்களுக்கும் ஏற்றது. ஆனால் எலும்பு தடித்த பெரிய விலங்குக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். 7எம்எம்-08 என் பார்வையில் பலரும் கவனிக்காமல் விடும் நல்ல தோட்டா. .308 செய்யும் வேலையைக் கொஞ்சம் குறைந்த உதையில் செய்கிறது. கடையில் வகைகள் குறைவாக இருப்பதுதான் அதன் ஒரே குறை.

2007இல் வந்த 6.5 கிரீட்மூர் இப்போது மலிவான துப்பாக்கிகள் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. நீளமான, காற்றை நன்றாகக் கிழித்துப் போகும் குண்டு. உதையும் மிதம். முதல் துப்பாக்கிக்கு .308, 6.5 கிரீட்மூர் இரண்டில் எதை எடுத்தாலும் தவறாகப் போக முடியாது. எல்க், மூஸ் போன்ற பெரிய விலங்குகளும் திட்டத்தில் இருந்தால் 1906ஆம் ஆண்டின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு இன்னும் கனமான குண்டுகளைத் தள்ளும். அதன் கூடு 63 மில்லிமீட்டர் நீளம், .308இன் கூடு 51 மில்லிமீட்டர். அதனால் .30-06க்குப் போல்ட் ஓடும் இடம் நீண்ட ஆக்‌ஷன் வேண்டும், போல்ட்டை இன்னும் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும். வேட்டையில் அது பெரிய விஷயமில்லை.

அதிக மருந்து அடைத்த மேக்னம் தோட்டாக்களைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னத்தின் உதை .308இன் உதையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இருக்கும். விலை குறைந்த ரைஃபிள்கள் பொதுவாக மூன்று கிலோவைச் சுற்றியே இருக்கின்றன, ஸ்டாக்கும் மெல்லிய பிளாஸ்டிக். எடை குறையக் குறைய உதை கூடும். நான் முதலில் வாங்கியது அப்படி ஒரு மேக்னம்தான். இருபது தோட்டா முடிவதற்குள் ட்ரிகரைத் தொடும்போதே கண் தானாக மூடிக்கொள்ள ஆரம்பித்தது. அந்தப் பழக்கத்தை உடம்பிலிருந்து எடுக்க, உதை குறைந்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு முழுதாக ஓர் ஆண்டு உழைத்தேன். பயமில்லாமல் சுடும் .243, பயந்து சுடும் மேக்னத்தைவிட விலங்குக்கு எவ்வளவோ நல்லது.

பணத்தைப் பிரித்து வைப்பது

கையில் இருக்கும் தொகை முழுவதையும் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஏதோ ஒரு ஸ்கோப்பை (குறிநோக்கியை) மாட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மொத்தத் தொகையில் பாதியைத் துப்பாக்கிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் ஸ்கோப், அதைப் பிடிக்கும் ரிங், ரிங்கைத் துப்பாக்கியோடு சேர்க்கும் பேஸ், காதுக் கவசம், தோள்வார், சுத்தம் செய்யும் கருவி, பயிற்சிக்கு நூறு தோட்டாவாவது வர வேண்டும். இந்தக் கணக்கில் துப்பாக்கி ஒரு படி கீழே இறங்கினால் இறங்கட்டும். மலிவான துப்பாக்கிமேல் நல்ல கண்ணாடி இருந்தால் வேட்டை நடக்கும். நல்ல துப்பாக்கிமேல் அந்தியில் மங்கிப்போகும் ஸ்கோப் இருந்தால், விலங்கு வெளியே வரும் அந்த அரைமணி நேரத்தில்தான் கைவிடும்.

எந்தெந்தப் பெயர்களைப் பார்க்கலாம்

சாவேஜ் ஆக்சிஸ் இந்த வரிசையின் அடித்தட்டு. சாவேஜின் குழல் நட்டு முறை 1958இல் வந்த 110 மாடலிலிருந்தே இருக்கிறது. குழலைத் திருகி உள்ளே விட்டு, அளவு சரியானதும் ஒரு நட்டால் இறுக்கிவிடுவார்கள். தோட்டா அறைக்கும் போல்ட் முகத்துக்கும் இடையிலான ஹெட்ஸ்பேஸ் அளவைக் குறைந்த செலவில் துல்லியமாக வைக்க இதைவிட எளிய வழி இல்லை. அதனால்தான் ஆக்சிஸ் தன் விலைக்கு மீறிச் சுடுகிறது. அடிப்படை ஆக்சிஸின் ட்ரிகர் கனமானது. ஆக்சிஸ் II எடுத்தால் சுடுபவரே எடையைச் சரிசெய்துகொள்ளும் ஆக்யூட்ரிகர் வரும். அந்தச் சிறிய விலை வித்தியாசத்தை யோசிக்காமல் கொடுத்துவிடலாம். ஸ்டாக் மட்டும் இரண்டிலும் நெளியும்.

2012ஐ ஒட்டி வந்த ருகர் அமெரிக்கன் இந்தச் சந்தையையே மாற்றிப் போட்டது. போல்ட்டில் மூன்று லக், அதாவது பூட்டு முண்டுகள். கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும் என்பதால் கைக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் இடம் கிடைக்கிறது. ரிசீவரை ஸ்டாக்கில் அசையாமல் உட்கார வைக்க உள்ளே இரும்புக் கட்டைகள் உண்டு. ட்ரிகரையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். போல்ட் ஓட்டம் புதிதில் கரகரவென்று இருக்கும். சில நூறு முறை இழுத்துத் தள்ளினால் பழகிவிடும்.

பிளாஸ்டிக் ஸ்டாக் பிடிக்கவே பிடிக்காது என்பவர்கள் வால்நட் மரத்திலும் கிடைக்கும் மாஸ்பெர்க் பேட்ரியட்டைப் பார்க்கலாம். ஜப்பானின் ஹோவா 1500 கொஞ்சம் கனம், கொஞ்சம் விலை கூடுதல். ஆனால் அடித்து உருவாக்கிய எஃகு ரிசீவர் அது. வெதர்பி வான்கார்டு துப்பாக்கிகளை வெதர்பிக்குச் செய்து கொடுப்பதும் ஹோவாதான். ஃபின்லாந்தின் சாக்கோ தொழிற்சாலையில் செய்யப்படும் டிக்கா டி3எக்ஸ் மலிவு என்ற சொல்லின் மேல் எல்லையில் நிற்கிறது. அதன் போல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மற்றதை இழுத்தால் வித்தியாசம் கையிலேயே தெரியும். கைக்கு எட்டுமென்றால் டிக்காவை எடுங்கள். இல்லையென்றால் ஆக்சிஸ் II அல்லது ருகர் அமெரிக்கனை எடுத்து, மிச்சப் பணத்தைத் தோட்டாவில் போடுங்கள். இரண்டுமே சரியான முடிவுதான்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். விலைப்பட்டியல் சொல்லாததை உங்கள் கை சொல்லும்.

துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முதல் வேலை, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதி செய்வது. கடைக்காரர் உங்கள் எதிரிலேயே பார்த்துவிட்டுக் கொடுத்திருந்தாலும் நீங்களும் பாருங்கள்.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை ஸ்டாக்கில் சாய்த்துவிட்டுக் கண்ணைத் திறங்கள். ஸ்கோப் மாட்டியிருந்தால் முழு வட்டமும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரிய வேண்டும். தலையை முன்னுக்கோ மேலுக்கோ நகர்த்தித் தேட வேண்டியிருந்தால் அந்த ஸ்டாக் உங்களுக்கு அளவு இல்லை. ட்ரிகரிலிருந்து ஸ்டாக்கின் பின்முனை வரையுள்ள நீளம் பெரும்பாலான துப்பாக்கிகளில் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கும் கை குட்டையானவர்களுக்கும் இது அதிகம். பல நிறுவனங்கள் குட்டை ஸ்டாக் வைத்த மாடல்களைத் தருகின்றன, கேட்டு வாங்குங்கள். குளிர்காலச் சட்டையோடு வேட்டையாடுவீர்கள் என்றால் அதே சட்டையோடு போய்த் தோளில் ஏற்றிப் பாருங்கள். சட்டையின் தடிமன் அளவுக்கு நீளம் கூடிவிடும்.

குழலுக்கும் ஸ்டாக்கின் முன்பகுதிக்கும் இடையில் ஒரு தாளைச் செருகி ரிசீவர் பக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். இப்போது ஸ்டாக்கையும் குழலையும் சேர்த்து ஒரு கையால் அழுத்துங்கள். மலிவான பிளாஸ்டிக் ஸ்டாக் வளைந்து குழலைத் தொடும். லேசாகத் தொட்டால் பரவாயில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சும்மா வைத்திருக்கும்போதே ஒரு பக்கமாகச் சாய்ந்து தொட்டுக்கொண்டிருந்தால் வேறு துப்பாக்கியைக் கேளுங்கள். தோள்வாரை இறுக்கிப் பிடித்தோ மரத்தில் சாய்த்தோ சுடும்போது குண்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழ இது போதும்.

கடைக்காரர் அனுமதித்தால் காலித் துப்பாக்கியில் ட்ரிகரை அழுத்திப் பாருங்கள். ஊசி தோட்டா அடியின் நடுவில் அடிக்கும் நவீன சென்டர்ஃபயர் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இதனால் கெடுதல் இல்லை. விளிம்பில் அடிக்கும் ரிம்ஃபயரில் மட்டும் செய்யாதீர்கள். நல்ல ட்ரிகர் நகராமல் நின்று, கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விடும். எடை ஒன்றரை கிலோவைச் சுற்றி இருந்தால் வேட்டைக்குப் போதும். விரலை மணல்மேல் இழுப்பதுபோல் நறநறவென்று வருமானால் எடை குறைவாக இருந்தாலும் அது நல்ல ட்ரிகர் இல்லை. சேஃப்டியை (பாதுகாப்புப் பூட்டை) முன்னும் பின்னும் தள்ளுங்கள். குளிரில் கையுறையோடும் எட்டுமா? சத்தம் போடாமல் நகருமா? மேகசினைக் கழற்றிக் கழற்றி மாட்டுங்கள். விலை குறைந்த துப்பாக்கிகளில் அடிக்கடி உடைவதும் தொலைவதும் இந்தப் பிளாஸ்டிக் மேகசின்தான். கூடுதலாக ஒன்று எளிதில் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இடது கண்ணால் குறி பார்ப்பவர்கள் இடது கைப் போல்ட் உள்ள மாடலை வாங்குங்கள். "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

குழல் நீளம் 56 சென்டிமீட்டரைச் சுற்றி இருந்தால் எல்லா இடத்துக்கும் சரி. இரண்டரை சென்டிமீட்டர் குறைந்தால் குண்டின் வேகம் வினாடிக்கு ஏழெட்டு மீட்டர்தான் குறையும். அடர்ந்த காட்டில் குட்டைக் குழல் அதைவிட அதிகமாக உதவும். மழையிலும் கடலோரத்திலும் திரிபவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. மற்றவர்களுக்குக் கறுப்புப் பூச்சும் எண்ணெய்த் துணியும் போதும்.

பழைய துப்பாக்கி வாங்குவதென்றால்

அதே பணத்துக்கு ஒரு தலைமுறை முந்தைய ரெமிங்டன் 700 அல்லது சாவேஜ் 110 கிடைக்கலாம். வேட்டைத் துப்பாக்கிகள் பலவும் ஆண்டுக்கு ஒரு பெட்டித் தோட்டாகூடச் சுடாமல் அலமாரியில் கிடந்தவை. மேலே கீறல் நிறைய, உள்ளே புதுசு. அப்படி ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

பார்க்க வேண்டியது குழலின் வாய் விளிம்பு முதலில். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் குண்டு சாயும். போல்ட்டைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தை நோக்கிக் குழலுக்குள் பாருங்கள். புரிகளின் ஓரம் கூர்மையாக இருக்க வேண்டும், துருக் குழிகள் கூடாது. ஸ்டாக்கின் கைப்பிடிக்குப் பின்னால் மரம் கீறியிருக்கிறதா என்று பாருங்கள். ட்ரிகரில் யாராவது வீட்டிலேயே அரம் போட்டிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். போல்ட்டை வேகமாக அடித்து மூடும்போதும், சேஃப்டியை விடும்போதும் ஊசி தானாக விழவே கூடாது.

பழைய ராணுவத் துப்பாக்கிகளை வெட்டி வேட்டைக்கு மாற்றியவையும் சந்தையில் உண்டு. 1898இன் மவுசர் இன்றைய போல்ட் துப்பாக்கிகள் பலவற்றுக்கும் மூதாதை, அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் யார் வெட்டினார், எந்தக் குழலை மாட்டினார் என்று தெரியாத ஒன்றை முதல் துப்பாக்கியாக எடுக்காதீர்கள். எந்தப் பழைய துப்பாக்கியையும் சுடுவதற்கு முன் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, கோ, நோ-கோ கேஜ் எனும் அளவுக் கட்டைகள் வைத்து ஹெட்ஸ்பேஸ் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் கண்ணுக்குச் சில அங்குலம் முன்னால் வெடிக்கும் பொருள் அது.

ஸ்கோப்பும் பொருத்தலும்

3-9×40 ஸ்கோப் (மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர்) முந்நூறு மீட்டருக்குள் நடக்கும் எல்லா வேட்டைக்கும் போதும். பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கடையின் விளக்கில் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். வாசலுக்குக் கொண்டுபோய் நிழலான மூலையைப் பாருங்கள், முடிந்தால் சாயங்காலம் போங்கள். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையில் 9 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குறைந்தால் உதையில் புருவம் கிழியும். துப்பாக்கியோடு சேர்த்து விற்கும் ஸ்கோப் பெரும்பாலும் துப்பாக்கியைவிடப் பலவீனமானது. தனியாக வாங்குவதே நல்லது.

பேஸ் திருகுகளில் எண்ணெய் இல்லாமல் துடைத்து, நிறுவனம் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையைக் காட்டும் டார்க் சாவியால் இறுக்குங்கள். கை பலத்தில் இறுக்கினால் ரிங் ஸ்கோப்பின் குழாயை நசுக்கிவிடும். "துப்பாக்கி சரியாகச் சுடவில்லை" என்று வரும் புகார்களில் நிறைய இந்த நான்கைந்து திருகில்தான் முடிகின்றன. ஸ்டாக்கை ரிசீவரோடு பிடிக்கும் திருகுகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சுடுதளத்தில்

புதுக் குழலுக்குள் துருவைத் தடுக்கப் பூசிய எண்ணெய் இருக்கும், துடைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். முதலில் 25 மீட்டரில் தாளில் விழ வையுங்கள். பிறகு 100 மீட்டர். ஸ்கோப்பில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 100 மீட்டரில் குண்டு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகரும்.

மூன்று வெவ்வேறு தோட்டா வகைகளை ஒரு பெட்டி வீதம் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், மூன்று சுட்டதும் ஆறவிடுங்கள். மூன்று குண்டு ஒட்டினாற்போல் விழுந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் நம்ப ஐந்தோ பத்தோ வேண்டும். மான் அளவு விலங்கின் நெஞ்சில் உயிர் நிற்கும் பகுதி சுமார் 20 சென்டிமீட்டர் அகலம். 100 மீட்டரில் ஐந்து குண்டு நான்கு சென்டிமீட்டருக்குள் விழும் துப்பாக்கி வேட்டைக்குத் தாராளம். எது நன்றாகச் சுட்டதோ அதையே ஒரே லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணில் சில பெட்டிகள் சேர்த்து வாங்கி வையுங்கள்.

அதன் பிறகு மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். காட்டில் மேசை கிடையாது. 20 சென்டிமீட்டர் தட்டு ஒன்றை வைத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, குச்சியில் சாய்த்துச் சுடுங்கள். ஐந்துக்கு ஐந்தும் தட்டில் விழும் கடைசித் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 150 மீட்டரைத் தாண்டாது. 100 மீட்டரில் நேர்செய்த .308இன் குண்டு 200 மீட்டரில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்குகிறது, 300இல் நாற்பதையும் தாண்டிவிடும். தூரத்தைக் கொஞ்சம் தவறாகக் கணித்தாலே குண்டு வயிற்றிலோ காலிலோ படும்.

வேட்டைக்குப் போவதற்கு முந்தைய வாரங்களில் தினமும் ஒரு முறை சுடுதளத்துக்குப் போக முடிந்தால், ஒரே ஒரு தோட்டா மட்டும் சுடுங்கள். குழல் குளிர்ந்திருக்கும்போது விழும் அந்த முதல் குண்டின் இடத்தை ஒரே தாளில் தேதியோடு குறித்துக்கொண்டே வாருங்கள். பத்துத் துளைகள் சேர்ந்ததும் அந்தத் தாளை மடித்துத் துப்பாக்கிப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காட்டில் நீங்கள் சுடப்போவதும் அதே முதல் குண்டைத்தான்.